எந்தக் கழிச்சல் என்று நாம் கேட்டதே இல்லை

பனமலையில் ஒரு கறவை மாடு காலையில் தீவனம் எடுக்கவில்லை என்றால், பால் சொசைட்டிக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சாணி எப்படிப் போட்டது, அசை போட்டதா, காது சுடுகிறதா, மூக்கு காய்ந்திருக்கிறதா என்று நாலு பேர் வந்து தொட்டுப் பார்ப்பார்கள். மருத்துவர் வண்டியை நிறுத்தும்போதே அவருக்கு வேண்டிய பாதி விவரம் தயாராக இருக்கும். அதே கொட்டகையின் மூலையில், சாக்கின்மேல் சுருண்டு கிடக்கும் நாய்க்குட்டி முந்தின நாள் இரவிலிருந்தே வாந்தி எடுத்துக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படாது. பட்டாலும், "எத்தையாவது தின்னுட்டு வந்திருக்கும், தானா சரியாப் பூடும்" என்போம். மூன்றாம் நாள் சரியாகாமல் அது செத்தால், "கழிச்சல் கண்டு பூட்ச்சு" என்று முடித்துவிடுவோம். ஒரு சாக்குப்பை, ஏரிக்கரை வேலிக்காத்தான் புதர், அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறொரு குட்டி வரும். அதையும் அதே சாக்கில்தான் படுக்க வைப்போம்.

எந்தக் கழிச்சல்? பனமலை, அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம் இந்தக் கேள்வியை ஒரு குட்டிக்காகவும் கேட்டதில்லை. காப்பாற்ற முடியாமல் போனதை விடுங்கள். எல்லா நோயிலிருந்தும் எல்லா உயிரும் பிழைத்துவிடுவதில்லை. என்ன நோய் என்று தெரிந்துகொள்ளும் எண்ணமே நமக்கு வந்ததில்லையே, இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நமக்கு அறிவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோமாரி கண்ட மாட்டை வாயில் வழியும் நுரையை வைத்தே சொல்லிவிடுகிறோம். சப்பை நோய்க்கு மழைக்காலத்துக்கு முன்பே ஊசி போட வேண்டும் என்பது தெரியும். ஆட்டுக்குத் துள்ளுமாரி வேறு, ஆட்டுக்கொல்லி வேறு, நீலநாக்கு வேறு என்று பிரித்துப் பேசுகிறோம். கோழி வெள்ளையாகக் கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் என்று ஆயாவே சொல்லும். ராணிக்கெட் என்று டாக்டர் சொல்லும் அந்த நோய்க்கு, இமயமலை ஊர் ஒன்றின் பெயர் என்பது தெரியாவிட்டாலும், பிப்ரவரி முகாமில் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு போய் நிற்கத் தெரியும். விலை உள்ள உயிர்கள் ஒவ்வொன்றின் நோயையும் பிரித்தறியக் கற்ற நாம், சந்தையில் விலைபோகாத ஒன்றுக்கு மட்டும் வாந்தி, பேதி, சாவு என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த ஒற்றைக் கழிச்சலுக்குள் எத்தனை நோய்கள் இருக்கின்றன என்று பார்த்தால்தான் நம் அலட்சியத்தின் அளவு தெரியும்.

முதலில் புழு. நாட்டு நாய்க்குட்டிகளில் புழு இல்லாத குட்டியைக் காண்பதே அரிது. தாயின் உடலுக்குள் தசைகளில் உறங்கிக் கிடக்கும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள், அது சினையானதும் விழித்துக்கொண்டு, கருப்பைக்குள் இருக்கும் குட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த குட்டி மூன்று வாரத்தில் புழுமுட்டை கழிக்கத் தொடங்கிவிடும். வயிறு பானை போல ஊதி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் குட்டியைப் பார்த்து, "நல்லாச் சாப்புடுது, வயிறு எப்படி இருக்கு பாரு" என்று நாம் சிரித்திருக்கிறோம். கொக்கிப்புழு இன்னும் மோசம். அது தாய்ப்பாலில் வரும், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். கழிச்சல் தார் போலக் கறுத்துப் போகும், ஈறு வெளுத்துப் போகும். சில வாரக் குட்டி ரத்தசோகையிலேயே செத்துவிடும். இரண்டுக்கும் பூச்சி மருந்து உண்டு, விலையும் அதிகமில்லை. குட்டி பிறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்குத் தவறாமல் குடற்புழு நீக்கம் செய்யும் வீட்டில்தான் இது நடக்காமல் இருக்கிறது. இதில் நம் பிள்ளைகளின் கதையும் சேர்ந்திருக்கிறது. நாயின் உருளைப்புழு முட்டை மண்ணில் கிடந்து, மண்ணளையும் குழந்தையின் கை வழியாக வயிற்றுக்குள் போனால் ஈரலையும் சில சமயம் கண்ணையும் பாதிக்கும்.

அடுத்தது பால். இதில் நமக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, ஆசையாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்து பசும்பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறோம். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால்சர்க்கரை அதைவிடக் குறைவு. பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாத குட்டி கழியத் தொடங்கும். கழிகிறதே, தெம்பில்லாமல் இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுவோம். டீக்கடை பிஸ்கட்டும் முந்தின நாள் கறிக்குழம்பும் கூடவே போகும்.

இவை போக, குடலுக்குள் குடல் நுழைந்து அடைத்துக்கொள்வது உண்டு. குழம்பு ஒட்டிய பாலிதீன் கவரை விழுங்கி அடைத்துக்கொள்வது உண்டு. கரும்புக்கும் நெல்லுக்கும் போடும் குருணை மருந்து பட்ட எதையாவது நக்கியிருந்தால் எச்சில் ஒழுகும், உடல் நடுங்கும், கழியவும் செய்யும். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, பிறகு கழிச்சல் கண்டு, கடைசியில் வலிப்பில் கொண்டுவிடும் டிஸ்டெம்பர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு உயிர் காப்பது இன்னொன்றுக்கு உயிர் எடுக்கும். குடல் அடைத்துக் கிடக்கும் குட்டிக்கு வாய்வழியாக எதையும் திணிக்கக் கூடாது. விஷம் நக்கியதற்கு அந்த மணி நேரத்திலேயே மாற்று ஊசி போட வேண்டும். காரணம் தெரியாமல் மருந்து என்ற பேச்சே இல்லை.

இந்த வரிசையில் பார்வோ என்ற வைரஸ் நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் சாக்குப்பைகளில் போனவற்றில் பெரும்பங்கு அதனுடையதாகத்தான் இருந்திருக்கும். ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குட்டி, திடீரென்று சோர்ந்து, வாந்தியெடுத்து, பிறகு தெருவே மூக்கைப் பொத்துமளவு நாற்றத்தோடு ரத்தமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் செத்தது என்றால், பழகிய எந்தக் கால்நடை மருத்துவரின் மனதிலும் முதலில் வரும் பெயர் அதுதான்.

இது பழைய நோயல்ல. 1978-இல்தான் உலகம் இதைக் கண்டுகொண்டது. பூனைகளைத் தாக்கும் ஒரு கிருமியை ஒத்த மூதாதையிலிருந்து கிளம்பி, நாய்களுக்குத் தாவி, இரண்டே ஆண்டில் கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் அப்போது வளர்ந்த நாய்கள்கூடச் செத்தன. பிறகு உருமாறி, 2ஏ, 2பி, 2சி என்று புதுப்புது வகைகளாகவும் வந்தது. தமிழ்நாட்டுக்கு இது எட்டாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் இந்நோயை ஆய்வகத்தில் உறுதிசெய்து எழுதியிருக்கிறார்கள். 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி நம்முடையது. இந்தியாவிலேயே முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-இல் அமைந்ததும் நம் மாநிலத்தில்தான். சென்னையில் தெரிந்த ஒரு நோயின் பெயர் பனமலைக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் போதவில்லை. அவர்கள் சொல்லாதது பாதி, நாம் கேட்காதது பாதி.

அந்தக் கிருமி செய்யும் வேலை இது. உடலில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் போய் உட்காரும். வளரும் குட்டியின் குடலின் உட்சுவர் ஓரிடம், எலும்பு மஜ்ஜை இன்னோர் இடம். குடலில் உணவை உறிஞ்சும் மெல்லிய நீட்சிகள், வேரழுகிய நாற்று போலச் சாய்ந்துவிடும். தண்ணீரையும் சத்தையும் உள்ளே இழுக்க ஆளில்லை, குடலிலுள்ள பாக்டீரியா ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கவும் ஆளில்லை. அதே நேரத்தில் மஜ்ஜையும் அடிபடுவதால் அந்தப் பாக்டீரியாவோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் குறைந்துபோகும். குட்டி சாவது பெரும்பாலும் கிருமியால் நேரடியாக அல்ல. நீர் வற்றி, சர்க்கரை இறங்கி, ரத்தத்தில் நஞ்சு ஏறிச் சாகிறது. கிருமியை நேரடியாகக் கொல்லும் மருந்து நம் மருந்தகங்களில் கிடையாது. ஆனால் இழந்த நீரை ட்ரிப் மூலம் ஏற்றி, வாந்தியை அடக்கி, இரண்டாம் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, முடிந்த அளவு சீக்கிரம் கொஞ்சம் கொஞ்சமாக உணவு உள்ளே போகச் செய்தால், பெரும்பாலான குட்டிகள் நாலைந்து நாளில் எழுந்து நின்றுவிடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலானவை சாகும். இரண்டு "பெரும்பாலான"வுக்கும் இடையில் இருப்பது முதல் ஒரு நாள். அந்த ஒரு நாளைத்தான் "தானா சரியாப் பூடும்" என்று தொடர்ந்து தின்றுவந்திருக்கிறோம்.

இரண்டாம் நாள் நாம் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதுதான் இன்னும் கெடுதல். மருந்துக்கடைக்குப் பையனை அனுப்பி, "வயித்தால போவுதுன்னு சொல்லி மாத்திரை வாங்கியா" என்போம். யாருக்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, பையனும் சொல்வதில்லை. ஐம்பது, அறுபது கிலோ மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு கிலோ குட்டியின் தொண்டைக்குள் தள்ளுவோம். கழிச்சலை அப்படியே கட்டிவிடும் மாத்திரை, தொற்று உள்ள குடலில் நஞ்சைத் தேக்கி வைக்கும். உடம்பு சுடுகிறதென்று கொடுக்கும் வலி மாத்திரைகளில் சில, நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டுக் கழிச்சலுக்குக் கேள்விப்பட்ட கைவைத்தியத்தை அளவு குறைத்து ஊற்றுவதும் உண்டு. வாந்தியெடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து கஷாயம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம் என்பதை யோசிப்பதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வோமா? ஒரு காலத்தில் செய்தோம். வாந்திபேதி என்றால் ஊர்க்கோபம், சாமிக்குற்றம் என்று ஊரே காலி செய்துகொண்டு போன காலம் நம் பாட்டன்மார் காலம்தான். ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான், எந்தப் பேதி என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர போன்காவ் அகதி முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் கரைத்து வாய்வழியாகவே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே போனது. இன்று நம் ஊர் அங்கன்வாடியில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. பேதியில் கொல்வது நீரிழப்பு என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவு வாசற்படியைத் தாண்டிச் சாக்கு வரைக்கும் வரவில்லை.

அப்படியே மருந்தகத்துக்குத் தூக்கிப் போனாலும் அங்கே நடப்பது என்ன? மருத்துவர் கேட்பார்: வயது எவ்வளவு, எங்கிருந்து வந்தது, கூடப் பிறந்த குட்டிகள் இருக்கின்றனவா, அவை எப்படி இருக்கின்றன, முதலில் வாந்தியா கழிச்சலா, எத்தனை முறை, என்ன நிறம், புழு விழுந்ததா, பூச்சி மருந்து கொடுத்ததுண்டா, ஊசி போட்டதுண்டா, கடைசியாக என்ன தின்றது. நாம் தலையைச் சொறிவோம். ஏனென்றால் இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் உள்ள பத்து வயதுப் பையனோ பெண்ணோதான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டது, அல்லது "நீ எதுக்கு அங்க?" என்று அதட்டி வீட்டில் விட்டுவிட்டோம். நோயைக் கண்டறிவதில் முக்கால் பங்கு இந்த விசாரணைதான். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பிறகுதான். மாட்டின் சாணியை மோந்து பார்த்து விவரம் சொல்கிற நாம், குட்டியின் கழிச்சலை மண்ணைப் போட்டு மூடிவிட்டு, கையை வீசிக்கொண்டு போய் நிற்கிறோம். அதில் ஒரு ஸ்பூன் அளவை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போயிருந்தால், நுண்ணோக்கியில் வைத்துப் புழுமுட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பார்வோவுக்குச் சில நிமிடத்தில் கோடு காட்டும் கிட் இருக்கிறது, விலை சில நூறு ரூபாய்தான். எல்லா மருந்தகத்திலும் இருக்காது, ஊர்ப்பக்கம் கிடைப்பது கஷ்டம்தான். அந்தக் கிட்டும் தெய்வவாக்கல்ல. நோய் முற்றிய சில நாளில் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். அதனால்தான் குட்டியைச் சீக்கிரம் கொண்டு வரச் சொல்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் ரத்தத்தில் வெள்ளணுவை எண்ணிப் பார்க்கலாம், ஆய்வகத்துக்கு அனுப்பி பிசிஆர் பார்க்கலாம். நமக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் போய்வரும் வண்டியில் குட்டிக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

ஆனாலும் போக மாட்டோம். காசா காரணம்? சில வீடுகளில் காசுதான் காரணம், அதில் பொய்யில்லை. நூறு நாள் வேலைக் கூலியை நம்பியிருக்கிற குடும்பத்திடம் போய் ட்ரிப் போடு, கிட் வாங்கு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் மாடி வீட்டிலும் இதேதான் நடக்கிறது. "நாய்க்குப் போயி ஆஸ்பத்திரியா" என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற கூச்சம்தான் பெரும்பாலும் நம்மைக் கட்டிப்போடுகிறது. டவுனில் ராட்வைலரை ஏசி காரில் வைத்துக்கொண்டு போகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஊர் நாயை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போகிற பையனைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

செத்த பிறகு நாம் செய்வது அடுத்த குட்டிக்கான சாவை விதைப்பது. பார்வோக் கிருமிக்கு மேலே கொழுப்புப் போர்வை கிடையாது. அதனால் சோப்புக்கும் சாதாரண ஃபினாயிலுக்கும் அசையாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடிருக்கும். ஒரு நாயின் கழிவிலிருந்து இன்னொரு குட்டியின் வாய்க்குப் போக நம் செருப்பு போதும், ஈ போதும். நோய் தெரிவதற்கு முன்பிருந்தே குட்டி கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும், தேறிய பிறகும் சில நாள் கழிக்கும். நாமோ செத்த உடலை ஏரிக்கரையில் வீசுகிறோம், மற்ற நாய்கள் அதை இழுக்கின்றன. சாக்கை உதறி வெயிலில் போடுகிறோம். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கிறோம். "இந்த வூட்ல நாய் தங்கறதில்ல, ராசியில்ல" என்று சொல்லும் வீடுகள் ஊருக்கு இரண்டாவது உண்டு. அந்த ராசியின் பெயர் பார்வோ. ஊராட்சி குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அந்த மூலையைக் கழுவி, சாக்கை எரித்து, உடலை ஆழமாகப் புதைத்திருந்தாலே ராசி பாதி மாறியிருக்கும். சிமெண்டுத் தரைக்கு அது போதும், மண் தரையில் கிருமி முழுதாகப் போகாது. அந்த இடத்தில் ஒரு வருடமாவது ஊசி போடாத குட்டியை விடாமல் இருப்பதுதான் வழி. இந்தப் பார்வோ மனிதருக்கு ஒட்டாது என்பதால் யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒருவேளை ஒட்டியிருந்தால் என்றைக்கோ கவனித்திருப்போம்.

தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் முடியும்வரை போட வேண்டிய கூட்டு ஊசி. ஒரு ஊசி போட்டும் செத்துப்போச்சே என்று சிலர் சொல்வதற்கும் விடை இருக்கிறது. பிறந்த முதல் நாள் குடித்த சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, குட்டியைக் கொஞ்ச நாள் காக்கும். காக்கும் நாள்வரை அது ஊசியையும் வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். நாம் ஊசி போடாத தாய்க்குப் பிறந்து, சீம்பால் சரியாகக் குடிப்பதற்குள் பிரித்தெடுத்து, பெட்டைக் குட்டி என்பதால் கோணியில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்ட குட்டிகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. கடுவன்களுக்கு வீடு கிடைக்கிறது. பெட்டைகள் பஸ் ஸ்டாண்டுக்கும் மலைப்படிக்கும் போகின்றன. மண்ணில் கிருமி இருக்கும் இடங்கள் அவைதான்.

ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் போகிறோம். அது நம்மைக் காக்கும் ஊசி. குட்டியைக் காக்கும் கூட்டு ஊசியைப் பெரும்பாலும் வெளியில் காசு கொடுத்து வாங்கித்தான் போட வேண்டியிருக்கிறது. இது அரசின் குறைதான். ஆனால் அந்தக் குறையை எந்த மனுவில் எழுதினோம்? 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு இட்ட ஆணையும் பிறகு அதை மாற்றியதும் டீக்கடைகளை இரண்டு கட்சியாகப் பிரித்தன. பிடித்து அடை என்றது ஒரு கட்சி, பாவம் விடு என்றது ஒரு கட்சி. அந்தச் சண்டைக்கு நடுவே, தெருநாயாவதற்கு முன்பே பாதி குட்டிகள் எப்படிச் சாகின்றன என்று இரண்டு கட்சியிலும் ஒருவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுதுகிற, படிக்கிற, ஊர் சுற்றிப் பார்க்கிற கூட்டத்தையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். பனமலைக்கு எதற்கு வருகிறோம்? இராசசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலுக்கு, அதன் சுவரில் எஞ்சியிருக்கும் உமையின் ஓவியத்துக்கு. அந்த ஓவியம் இவ்வளவு உதிரும்வரை விட்டதற்காக நூறு கட்டுரைகள் வருத்தப்பட்டாயிற்று, வருத்தம் நியாயம்தான். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் படைத்துறைக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது கொண்டாடினோம். தேசிங்குராஜன் குதிரையைத் தெருக்கூத்தில் ஆடிப் பாடுகிற மண் இது. தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம், கல்லில் நிற்கும் அந்த நாய்க்கும் பொட்டு வைக்கிறோம். படியிறங்கி வரும்போது காலடியில் சுருண்டு கிடக்கிற குட்டிக்கு மிச்ச பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொள்கிறோம். அது பிஸ்கட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை யாரும் நின்று பார்ப்பதில்லை. தீனியைத் தொடாத குட்டி நோய்கண்ட குட்டி என்பதற்கு வைத்திய சாஸ்திரம் தேவையில்லை.

காவலுக்கு மட்டும் நாய் வேண்டும். காட்டுப்பன்றி மல்லாட்டைக் கொல்லையைக் கிளறாமலிருக்க வேண்டும், இரவில் ஆட்டுப்பட்டியைச் சுற்றி வர வேண்டும், தெரியாத ஆள் வந்தால் குரைக்க வேண்டும். கூலியில்லாத வேலையாள் அது. நோய் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த வேலையாளுக்கு நாம் கொடுக்க வேண்டிய பாக்கி.

அடுத்த குட்டிக்குச் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. முதல் வாந்தியன்றே மருந்தகத்துக்குப் போங்கள், மூன்றாம் நாள் அல்ல. கழிச்சலில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள். குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள், டாக்டர் கேட்பதற்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லட்டும். "மருந்து குடுங்க" என்று கேட்பதற்கு முன் "என்ன நோய்ங்க?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால், எங்கே போனால் தெரியும் என்று கேளுங்கள். ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வரும் கிராம சபையில் குடிநீர், தெருவிளக்குத் தீர்மானங்களுக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள். வெறிநாய்க்கடி ஊசியோடு சேர்த்து, குட்டிகளுக்கான கூட்டுத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் பார்வோ கிட்டும் நம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.